மாமியார் குரல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வாயாடித் தங்கை எழுதுவது. தொண்டையைத் தவிர என் உடம்பில் மற்ற எல்லாம் நலம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

அருவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் சில மாதங்களுக்கு வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பதுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டபோது உங்கள் மாப்பிள்ளை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, பார்க்க வேண்டும் நீங்கள்! கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறேன். நான் எழுதி முடிப்பதற்குள் ஓடிவிடலாம் என்று உங்கள் மருமகள் கண்டுபிடித்துவிட்டாள்.

போனில் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதற்கு நாலு வரியாவது எழுதியே ஆகவேண்டும்.

ஒரு சந்தோஷமான செய்தி. இத்தனை வருடம் பஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் லிப்ட்டுக்கும் அறிவிப்பு பேசிய குரல் இனிப் பழையபடி வரும் என்று சொல்ல முடியாதாம். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு குரல் கம்பெனி வந்து, என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டது. இனி நான் வாழ்க்கையில் சொல்லாத வாக்கியத்தைக்கூடக் கணினி என் குரலில் சொல்லும். செயற்கை நுண்ணறிவாம். போகப்போகிற குரலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது போல இருக்கிறது. எனக்கும் ஒரு கருவி தரப்போகிறார்கள். நான் எழுதினால் அது பேசும்.

அச்சகத்தை விட்டுவிட்டுக் கிடங்கில் கண்காணிப்பாளராகச் சேர்ந்தீர்களே, நாற்காலி வசதியாக இருக்கிறதா? அங்கேயும் எல்லோருடைய எழுத்துப் பிழையையும் திருத்திக்கொண்டிருக்கிறீர்களா?

பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை

ஜனவரி 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைச் சொல்லி எங்கள் வயிற்றில் பால் வார்த்தாய். அண்ணியும் நானும் சுகம். எனக்குக் கால்தான் சாயங்காலமானால் கொஞ்சம் வீங்குகிறது. உட்கார்ந்தே இருப்பதால் இருக்கும்.

வேலை நன்றாகத்தான் போகிறது. பெரிய கிடங்கு. கூரை உயரம். உள்ளே நின்றால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. அடுக்குகள் தெருத் தெருவாகப் போகும். மேற்பார்வை வேலைதான். எழுத வேறொன்றும் இல்லை.

'அறுவை'யில் வல்லின றகரம் போட வேண்டும். நீ இடையினம் போட்டிருந்தாய். அச்சகப் புத்தி போகவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

டாக்டர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இரு. மருமகளுக்கு என் முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். றகரத்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? இடையிடையே எழுந்து நடங்கள். ஒரேயடியாக உட்கார்ந்திருக்காதீர்கள்.

கருவி வந்துவிட்டது! முதலில் உங்கள் மருமகள் பெயரைத்தான் எழுதினேன். பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து என் வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. கருவியைப் பார்த்தாள். நான் மறுபடி எழுதினேன். "அம்மா, நீ இதுக்குள்ள போயிட்டியா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கருவியைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் தொண்டைக்கு ஆகாது என்று உங்கள் மாப்பிள்ளை என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இன்னொன்று. கண் பார்வை போய்விட்ட ஒரு தையல்காரர் கம்பெனி மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மருந்துச் சீட்டு, செய்தித்தாள், அவருக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் என் குரல்தான் அவருக்குப் படித்துக்காட்டுகிறதாம். "யாருகிட்டயும் கெஞ்சாம நானே பேப்பர் படிக்கிறேன்மா" என்றாராம். வாயைத் திறக்க முடியாத நான் ஊர்பேர் தெரியாத ஒருவருக்குக் காலையில் செய்தி வாசிக்கிறேன். ஒரே பெருமையாக இருக்கிறது அண்ணா.

கிடங்குகளுக்கும் என் குரலைக் கொடுத்திருக்கிறார்களாம். ஊழியர்களுக்கு வழிகாட்டுமாம். உங்கள் கிடங்கிலும் இருக்கிறதா? அப்படி இருந்தால் எல்லோரிடமும், "இது என் தங்கச்சி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
தங்கை

மார்ச் 25

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

இங்கே அப்படி எதுவும் இல்லை. வெறும் இரைச்சல்தான்.

தையல்காரர் விஷயம் படித்து அண்ணி சந்தோஷப்பட்டாள்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கண்ணாடி அறையில் உன்னை என்னென்ன படிக்கச் சொன்னார்கள்? கோபமாகப் படிக்கச் சொன்னார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் நலம். இருமல்கூட இல்லை. உங்கள் கடிதம்தான் சோகை பிடித்தது போல இளைத்துக்கொண்டே வருகிறது. அண்ணிக்கு உடம்பு சரிதானே?

கோபமாகப் படிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் 'அமைதி', 'உற்சாகம்', 'கண்டிப்பு' என்று போட்டிருக்கும். அமைதிக்கு ஆஸ்பத்திரி அறிவிப்பு மாதிரி படித்தேன். கண்டிப்புதான் வரவே இல்லை. பதிவு செய்தவர், "வீட்ல யாரையாவது நெனச்சுக்கிட்டுப் படிங்க" என்றார். உடனே உங்களை நினைத்துக்கொண்டேன்! சின்ன வயதில் நீங்கள் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் புரளுவீர்களே, நான் வந்து போர்வையை இழுப்பேனே, அந்தக் குரலில் படித்தேன். "அருமை, இதுதான் வேணும்" என்றார்.

எதற்குக் கேட்டீர்கள்? எழுதுங்கள்.

உங்கள் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்றைக்கு ஒரு ஆச்சரியம் இருக்கிறது.

அன்புடன்
தங்கை

மே 2

அண்ணா,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. பிறந்தநாள் அன்று மத்தியானம் போன் செய்தது நான்தான். தெரியுமல்லவா?

உங்களைக் கேலி செய்யலாம் என்றுதான் கருவியில் 'கண்டிப்பு' என்ற பொத்தானை அழுத்தினேன். "இன்னும் தூக்கமா? எழுந்திருங்கள்" என்று எழுதினேன். அடுத்து வாழ்த்துச் சொல்லத்தான் விரல் போனது. அதற்குள் நீங்கள் பதறிப்போய், "இதோ எழுந்துட்டேன் மேடம், போய்ட்டே இருக்கேன், கால் மரத்துப்போச்சு, அதான்" என்றீர்கள். எதுவோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. உங்களுக்கு மூச்சு வாங்கியது. பிறகு இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன், நீங்கள் எடுக்கவில்லை.

யாரை மேடம் என்றீர்கள்? ஏன் அப்படிப் பயந்தீர்கள்? நீங்கள் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

என் மேல் ஏதாவது வருத்தம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை

மே 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. உன் தொண்டை தேறி வருகிறதா? குழந்தையும் அவரும் நன்றாக இருக்கிறார்களா?

இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. பிறந்தநாளுக்குப் பிறகு அவர் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை. உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறார். பேனாவை எடுக்கிறார், வைத்துவிடுகிறார். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் கண்காணிப்பாளர் இல்லை. அச்சகத்தில் பிழை பார்க்க இனி மனுஷன் வேண்டாம், இயந்திரமே பார்க்கும் என்று அனுப்பிவிட்டார்கள். கிடங்கில் அவர் அடுக்கிலிருந்து சாமான் எடுத்துத் தள்ளுவண்டியில் போடும் ஆள். நாள் முழுவதும் நடை. காதில் ஹெட்போன். அதில் வருவது உன் குரல்.

எந்த வரிசை, எந்தத் தட்டு என்று அதுதான் சொல்லும். அதோடு நிற்பதில்லை. "நாற்பத்தொன்றாம் எண், உங்கள் வேகம் குறைகிறது" என்று சொல்லும். குனிந்து காலைத் தேய்த்துவிட்டால், "நீங்கள் நின்றுவிட்டீர்கள், எழுந்திருங்கள்" என்று சொல்லும். பாத்ரூம் போனால், "இந்த நேரம் உங்கள் இடைவேளையில் கழிக்கப்படும்" என்று சொல்லும். அவர்தான் நாற்பத்தொன்று.

முதல் நாள் வந்து சிரித்தார். "எழுந்திரு எழுந்திருன்னு போர்வைய இழுத்தவ, இங்கயும் வந்துட்டா பாரு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து சிரிக்கவில்லை. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்தக் குரலுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி அசிங்க அசிங்கமாக ஜோக் சொல்வார்களாம். இவரும் கூட உட்கார்ந்து சிரித்துவிட்டு வருவார். வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். "என் தங்கச்சின்னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு வாய் வரலடி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

உன்னிடம் சொல்லலாம் என்றேன். "அவ இப்பத்தான் சந்தோஷமா இருக்கா, விடு" என்றார்.

உனக்குத் தெரியாமல் நடந்தது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கும்போது உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

அண்ணி

ஜூன் 3

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். கால் எப்படி இருக்கிறது?

அண்ணியைத் திட்டாதீர்கள். அவர்கள் எழுதியிருக்காவிட்டால் நான் இன்னும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்திருப்பேன். உங்களை உட்கார்ந்தே இருக்காதீர்கள் என்று எழுதினேனே. எழுந்து நடக்கச் சொன்னேனே. அந்த வரியை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

நேற்றுக் குரல் கம்பெனிக்குப் போனேன். வரவேற்பறையில் கருவியை வைத்து, "என் குரலைக் கிடங்கிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன். அங்கே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு இனிமையாக, கொஞ்சம்கூட நடுங்காமல் அதைச் சொன்னது. நான் படுகிற பாடு எதுவும் அந்தக் குரலில் இல்லை.

ஒரு இளைஞர் வந்து ஒப்பந்தத்தைக் காட்டினார். மரியாதையாகத்தான் பேசினார். "தனியா ஒரு இடத்திலேர்ந்து எடுக்க முடியாதுங்க. எடுத்தா மொத்தமா அழிச்சிடணும். உங்க கருவியிலயும் இருக்காது, பார்வையில்லாதவங்க கேக்கறதும் நின்னுடும்" என்றார். கையெழுத்து என்னுடையதுதான். படித்துப் பார்க்காமல் போட்டது.

அழித்துவிடுங்கள் என்று ஒரே வார்த்தை எழுதியிருக்க வேண்டும் அண்ணா. எழுதவில்லை. உங்கள் மருமகள் அந்தக் கருவியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. தையல்காரர் ஞாபகம் வந்தது. யோசித்துச் சொல்வதாக எழுதிக்காட்டிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் காதில் என் குரல் விரட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் யோசிக்கிறேன் என்றால் நான் எப்படிப்பட்டவள்?

நீங்கள் சொல்லுங்கள். அழிக்கச் சொன்னால் மறுநாளே போய் அழித்துவிட்டு வருகிறேன்.

தங்கை

ஜூன் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. கால் பரவாயில்லை. நீ அழுது தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு மறைத்தது என் தப்பு. வேலை போனதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு பொய் சொன்னேன். பிறகு அந்தப் பொய்க்குக் காவல் இருப்பதே வேலையாகிவிட்டது.

அழிக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

என்னோடு ஒருவர் வேலை செய்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வரிசை, எந்தத் தட்டு என்று உன் குரல் சொல்வதால்தான் அவருக்கு இந்த வேலை. அதற்கு முன்னால் வாசலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் உன்னை மாமியார் என்று சொன்னதில்லை. உன் குரலை எடுத்தால் நாளைக்கே வேறு ஒருவன் தங்கச்சி குரலைப் போட்டு இதையேதான் சொல்லவைப்பார்கள். நான் அன்றைக்கு நிம்மதியாக நடப்பேன், அவன் கூனிக்குறுகிப்போவான். அது எனக்கு வேண்டாம். வழி சொல்லட்டும், விரட்டாமல் இருக்கட்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. விரட்டச் சொல்லிக்கொடுத்தவர்கள் மனுஷர்கள்தானே.

இனி என் கதை. போன மாதம் எங்கள் வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். கர்ப்பிணி. பாத்ரூம் போனால் இடைவேளை கழியும் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். விழுந்து கிடந்தவள் காதில், "நீங்கள் நின்றுவிட்டீர்கள், எழுந்திருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஹெட்போனைக் கழற்றியது நான். அவளுக்கும் குழந்தைக்கும் ஆபத்தில்லை.

எல்லோரும் சேர்ந்து தொழிலாளர் துறைக்கு மனு எழுதினார்கள். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. கழிவறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். போட்டால் உனக்கு எதிராகப் போட்டது போல ஆகிவிடுமோ என்று. போடாமல் இருந்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கேன்டீனில் எழுந்து நின்றேன். "நீங்கல்லாம் மாமியார்னு சொல்றீங்களே, அது என் கூடப்பிறந்தவ குரல்" என்றேன். அந்தப் பெயரை வைத்த பையன், "அப்ப நீங்க எங்களுக்கு என்ன முறை ஆகணும்?" என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இத்தன நாளா தெரிஞ்சுக்கிட்டே எங்களோட சிரிச்சீங்களா?" என்று கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் விசாரணை. அது வெறும் வழிகாட்டும் குரல், யாரையும் விரட்டவில்லை என்று கிடங்குக்காரர்கள் சொல்கிறார்கள். தாளின் தலைப்பில் 'கண்டிப்பு' என்று இருந்ததாக எழுதினாயே, அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. டாக்டர் சம்மதித்தால் வா. கட்டாயம் இல்லை. உனக்கு அவமானமாக இருக்கும் என்றால் வராதே.

அண்ணன்

ஜூலை 22

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். தொண்டையில் கொஞ்சம் எரிச்சல், வேறொன்றும் இல்லை. அண்ணி எனக்காக வெந்நீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நாள் பூராவும் என் பின்னாலேயே வந்தார்கள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கவில்லை. பாட்டிலை மட்டும் வாங்கி வாங்கிக் குடித்தேன்.

விசாரணையில் கருவியை நான் வெளியே எடுக்காததற்குக் காரணம் கேட்டீர்கள். எடுக்கத்தான் நினைத்தேன். பைக்குள் கை போனது. எதிரே உங்களோடு வேலை செய்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குரல் வாயைத் திறந்தால் அவர்கள் முதுகு நிமிர்ந்துவிடும் என்று தோன்றியது. பிறந்தநாள் அன்று நீங்கள் மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. அதனால்தான் வாயால் பேசினேன். டாக்டர் கொஞ்சம் பேசலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை அண்ணா. கதவு தரையில் உரசுவது மாதிரி இருந்தது. அதிகாரி, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார். அதற்கு மேல் வரவில்லை. அப்போது யாரோ போய் மின்விசிறியை நிறுத்தினார்கள். கண்டிப்பு என்று தலைப்புப் போட்ட தாளை என் கையில் கொடுத்தார்கள், யாரை நினைத்துப் படித்தேன், அந்தப் பதிவு எங்கே போகும் என்று நான் கேட்கவே இல்லை, இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. "நீங்க தொழிலாளிங்க பக்க சாட்சியா?" என்று அதிகாரி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் எழுந்து, "என் தங்கச்சிங்க" என்றீர்கள்.

தீர்ப்பு பாதிதான். தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் இனிக் குரல் எதுவும் சொல்லக் கூடாது. வேகத்தைப் பற்றி இன்னும் ஆராய வேண்டுமாம். அது எத்தனை நாள் ஆகுமோ. நாளைக்கும் உங்கள் காதில் நான்தான் இருப்பேன்.

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அழிக்கச் சொல்லவில்லை. கண்டிப்பில் படித்ததை மட்டுமாவது திரும்பக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். முடியாது என்றுதான் சொல்வார்கள். விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். தையல்காரருக்காகத்தான் அழிக்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். எனக்காகவும்தான். இப்போதெல்லாம் கருவியைத் தொடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் உள்ளே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

படியில் நின்றிருந்தேன். கிடங்கில் மயங்கி விழுந்தாளே, அந்தப் பெண் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. என் எதிரே நின்று கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். "உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் போகவில்லை.

"உள்ள ஒரு பாத்ரூம் இருக்கு. போகணும். உங்க வாயால ஒரே ஒரு தடவ, போய்ட்டு வாங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். கேலி இல்லை. கண் கலங்கியிருந்தது.

முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை 'போய்' மட்டும் வந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றாள். எத்தனையோ பஸ்களை அனுப்பிவைத்த வாய் அண்ணா இது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை, "போய்ட்டு வாங்க" என்றேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் மெதுவாக நடந்து போனாள்.

உங்கள் காலையும் அண்ணியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை